எச்-4ல் இருந்து மாஸ்டர்ஸ்: டெக்சாஸ்ல இன்-ஸ்டேட் ஃபீஸ் கிடைக்குமா?

பிளேனோமீனா:
எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் எச்-1பி (வேலை விசா), நான் எச்-4 (அவரைச் சார்ந்த மனைவி விசா). நியூ ஜெர்சி எடிசன்ல இருந்தோம், போன அக்டோபர்ல அவருக்கு வேலை மாறி டெக்சாஸ்ல பிளேனோ வந்துட்டோம். இங்க பக்கத்துல ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். அட்மிஷன் வந்திருக்கு, ஆகஸ்ட்ல ஆரம்பம். ஆனா போர்ட்டல்ல "நான்-ரெசிடென்ட்"னு காட்டுது, அதாவது உள்மாநிலத்தவருக்கான இன்-ஸ்டேட் ஃபீஸ் இல்லை. ஃபீஸ் வித்தியாசத்தைப் பார்த்ததும் வயித்தைக் கலக்குது.

ஆகஸ்ட்ல எங்களுக்கு ஒரு வருஷம் முடியாது, அது தெரியும். அடுத்த செமஸ்டர்ல மாத்திக்கலாமா? லீஸ், கரண்ட் பில் எல்லாம் அவர் பேர்லதான். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, அதனால பே-ஸ்டப்னு காட்ட ஒண்ணுமே இல்லை. பேசாம எஃப்-1க்கு (மாணவர் விசா) மாறிடுன்னு ஒரு தோழி சொல்றா. யாராவது இந்த வழியில போயிருக்கீங்களா?

சும்மாவந்தவன்:
ஹூஸ்டன்ல சித்தப்பா, மாமா யாராவது இருக்காங்களா? அவங்க அட்ரஸ்ல ரெண்டு வருஷமா இருக்கேன்னு எழுதிக் கொடுங்க. என் ரூம்மேட் அப்படித்தான் வாங்கினான். ஒரு பய கேக்கல.

பழையபெருச்சாளி:
மீனா, மேல ஒருத்தர் சொன்ன யோசனையை அப்புறம் கவனிக்கிறேன். முதல்ல உங்க விஷயம்.

டெக்சாஸ் கல்விச் சட்டத்துல விதி நேரடியாவே இருக்கு. நீங்க சேரும் செமஸ்டரின் சென்சஸ் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே இங்க நிரந்தரக் குடியிருப்பு ஏற்படுத்தி, அந்த வருஷம் முழுக்க விடாம வெச்சிருக்கணும். சென்சஸ் தேதின்னா வழக்கமான செமஸ்டர்ல வகுப்பு தொடங்கி 12ஆவது வகுப்பு நாள். ஃபால் செமஸ்டருக்கு அது செப்டம்பர் வாக்குல வரும். நீங்க வந்தது அக்டோபர். ஒரு மாசம் இடிக்குது. ஸ்பிரிங் செமஸ்டருக்கு இடிக்காது.

அடுத்தது விசா. எச்-1பி, எச்-4 ரெண்டும் டெக்சாஸ்ல குடியிருப்பு ஏற்படுத்தத் தகுதியுள்ள விசாக்கள். எஃப்-1 அந்தப் பட்டியல்ல கிடையாது. உங்க தோழியோட யோசனையை இதை வெச்சு எடை போடுங்க.

மூணாவது, சம்பளச் சீட்டு இல்லைங்கிற கவலை. குடியிருப்பை நிரூபிக்க இங்க சில வழிகளை ஏத்துக்கறாங்க: 12 மாசம் உருப்படியான வேலை, சொந்தமா வீடு, சொந்தத் தொழில், இல்லைன்னா இங்க குடியிருப்பு ஏற்படுத்தின ஒருத்தரோட திருமணம். கடைசி வழி உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. உங்க கணவரோட 12 மாச வேலைதான் அஸ்திவாரம், உங்க திருமணச் சான்றிதழ் அதோட உங்களை இணைக்கும். லீஸ்ல "ஆக்குபன்ட்"னு உங்க பேர் இருக்கான்னு ஒருமுறை பாருங்க. பெரும்பாலும் இருக்கும், யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லை.

உங்க கைல இருக்கிற பெரிய பலம் எதுன்னா, நீங்க டெக்சாஸுக்குப் படிக்க வரலை, கணவர் வேலைக்காக வந்தீங்க. எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ரெசிடென்சி அதிகாரி மனசுல முதல்ல எழும் சந்தேகம் "இவங்க படிக்கத்தானே வந்தாங்க, பட்டம் வாங்கினதும் கிளம்பிடுவாங்களே" என்பதுதான். அட்மிஷன் வர்றதுக்குப் பல மாசம் முன்னாடியே நீங்க குடி வந்தாச்சு.

இனி சும்மாவந்தவனுக்கு. தம்பி, உங்க ரூம்மேட் மாட்டலைங்கிறது ஒரு வழிமுறை இல்லை. பொய்த் தகவல்னு பின்னாடி தெரிஞ்சா பழைய செமஸ்டர்களுக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கட்டச் சொல்லலாம், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். விசால இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்றது ஃபீஸோட நிக்கிற விஷயமும் இல்லை. இந்த இழையில இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

சும்மாவந்தவன்:
சரி பெருசு, கோச்சுக்காதீங்க. ஊர் உலகத்துல நடக்கிறதைச் சொன்னேன்.

ஃபிரஸ்னோபையன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், என் கேள்வியும் இதேதான். நான் கலிஃபோர்னியாவில எஃப்-1ல எம்.எஸ். படிக்கிறேன். வந்து ஒரு வருஷம் தாண்டியாச்சு. கலிஃபோர்னியா லைசென்ஸ் இருக்கு, லீஸ் என் பேர்ல, கார் என் பேர்ல, கேம்பஸ் வேலைக்கு வரி கட்டியிருக்கேன். ஊருக்குக்கூடப் போகலை. ரெசிடென்சிக்கு 366 நாள் இங்க இருக்கணும்ங்கிற கணக்கு எனக்கு முடிஞ்சிருச்சே, நான் ரெசிடென்ட் ஆக முடியாதா? என் சீனியர் ஒருத்தர் அஞ்சு வருஷம் ஆனா எஃப்-1காரங்களும் ரெசிடென்ட் ஆயிடுவாங்கன்னு சொல்றார்.

இர்வைன்பிரபு:
ஃபிரஸ்னோ, உங்க சீனியர் ரெண்டு வேற வேற "ரெசிடென்ட்"டைப் போட்டுக் குழப்பிக்கிறார். அவர் சொல்ற அஞ்சு வருஷம் வருமான வரிக்கானது. எஃப்-1 மாணவர்கள் முதல் அஞ்சு காலண்டர் வருஷத்துக்குப் பொதுவா 1040-என்ஆர் (வரிக்கு நான்-ரெசிடென்ட் ஆனவங்க ஃபாரம்) போடுவாங்க, அதுக்கப்புறம் நாள் கணக்கு எண்ண ஆரம்பிச்சு 1040க்கு (ரெசிடென்ட் ஃபாரம்) மாறுவாங்க. அதுக்கும் ஃபீஸுக்கும் சம்பந்தமே இல்லை. பத்து வருஷம் 1040 போட்டாலும் எஃப்-1 எஃப்-1தான்.

ஏன்னா எஃப்-1 விசாவோட சட்ட வரையறையே, வெளிநாட்டுல ஒரு குடியிருப்பு இருக்கு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லைங்கிறதுதான். அதைச் சொல்லித்தானே சென்னை கான்சுலேட் ஜன்னல்ல விசா வாங்கினீங்க? அதே ஆள் கேம்பஸ் ஜன்னல்ல போய் "கலிஃபோர்னியாதான் என் நிரந்தர ஊர்"னு சொன்னா எப்படி எடுபடும்? எச்-1பிக்கு அந்த நிபந்தனை கிடையாது, 1990 குடியேற்றச் சட்டத்துல இருந்து கிரீன் கார்டு நோக்கத்தோடவே அந்த விசால இருக்கலாம். அதனாலதான் எச்-1பிக்குக் கதவு திறக்குது, உங்களுக்குத் திறக்கலை. ஓபிடி கார்டு (படிச்சு முடிச்ச மாணவர் வேலை பார்க்கத் தர்ற தற்காலிக அனுமதி), சோஷியல் செக்யூரிட்டி நம்பர், லைசென்ஸ் இதெல்லாம் இந்தப் பூட்டைத் தொடக்கூட முடியாது.

ஃபிரஸ்னோபையன்:
அப்போ எஃப்-1காரனுக்கு வழியே இல்லையா?

பழையபெருச்சாளி:
ரெசிடென்ட் ஆக வழி இல்லை. ரெசிடென்ட் கட்டுற ஃபீஸைக் கட்ட வழி உண்டு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் பணம் மிச்சமாகும். நம்ம பசங்க முதல் கதவுல முட்டிக்கிட்டே ரெண்டாவதைப் பார்க்காம விட்டுடறாங்க.

டெக்சாஸையே எடுத்துக்கோங்க. அங்க கல்விச் சட்டம் 54.212ங்கிற பிரிவுப்படி, படிப்போட தொடர்புள்ள டிஏ, ஆர்ஏ (கற்பித்தல், ஆராய்ச்சி உதவியாளர்) வேலை பாதி நேர அளவாவது இருந்தா ரெசிடென்ட் கட்டணம்தான். எத்தனை நாளா டெக்சாஸ்ல இருக்கீங்கன்னு கேக்கறதே இல்லை. அவங்க கணவன் மனைவி, பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அடுத்த பிரிவு 54.213: போட்டி அடிப்படையில் தரப்படும் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 1,000 டாலராவது கிடைச்சா ரெசிடென்ட் கட்டணம் கொடுக்கலாம். ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப்னு கேட்டா நமக்கு இளக்காரமா இருக்கும், ஆனா அதோட பின்னாடி வர்ற கட்டணக் குறைப்புதான் உண்மையான பரிசு. வரம்பு இருக்கு, இந்தச் சலுகை மொத்த மாணவர்கள்ல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால துறைக்குத் துறை அடிதடி.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே டிஏ வேலையைக் காட்டி "நான் இங்க வேலை பார்க்கிறேன், என்னை ரெசிடென்ட் ஆக்குங்க"ன்னு கேட்டா டெக்சாஸ் ஒத்துக்காது. மாணவரா இருக்கிறதால கிடைச்ச வேலை, ஸ்டைபண்ட், ஃபெலோஷிப் எதுவும் குடியிருப்புக்கான வேலைக் கணக்குல சேராது. குறைஞ்ச ஃபீஸ் வாங்க உதவும், ரெசிடென்ட் ஆக உதவாது. அமெரிக்கக் குடிமகனா இருந்து ஓஹாயோல இருந்து ஆஸ்டினுக்கு பிஎச்டி வந்தவனுக்கும் இதே கதைதான்.

இர்வைன்பிரபு:
நான் அந்த ரகம்தான். பிறந்தது நியூ ஜெர்சி, அதனால விசாப் பிரச்சினை இல்லை. யூசியில (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பிஎச்டி சேர்ந்தப்போ ஆஃபர் லெட்டர்லயே போட்டிருந்தாங்க: வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 15,102 டாலர், முதல் வருஷம் மட்டும் துறை கட்டும், ரெண்டாவது வருஷத்துக்குள்ள நீயே ரெசிடென்ட் ஆகிக்கோ. ஆகலைன்னா அது உன் பாடு.

அதனால இதை ஒரு கோர்ஸ் மாதிரியே எடுத்துக்கிட்டேன். வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேன். கலிஃபோர்னியா டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) விதிப்படி குடி வந்த 10 நாளுக்குள்ள லைசென்ஸ், 20 நாளுக்குள்ள கார் ரெஜிஸ்ட்ரேஷன். ரெண்டும் முடிச்சு, வாக்காளர் பதிவும் செஞ்சேன். முதல் வருஷ மாநில வரிக்கு 540-என்ஆர் ஃபாரம், அதுல வருஷத்துல ஒரு பகுதி மட்டும் ரெசிடென்ட்னு காட்டணும். அப்பா தன் வரிக் கணக்குல என்னை டிபென்டன்ட்டா போடுறதை நிறுத்தினார். 24 வயசு ஆகாதவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும், பணவிஷயத்துல பெற்றோரைச் சாராதவங்கன்னு காட்ட வேண்டி வரும். கோடை விடுமுறைக்கு எடிசன் போகாம லேப்லயே கிடந்தேன். அம்மா ஃபோன்ல அழுதாங்க.

ஒரு நுணுக்கம் சொல்றேன், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. நீங்க உடம்போட வந்த தேதி மட்டும் கணக்கில்லை, இங்கயே இருக்கப் போறேன்னு காட்டின காகிதங்களோட தேதியும் கணக்கு. என் பேட்ச்ல ஒருத்தன் செப்டம்பர்ல வந்தான், பழைய ஸ்டேட் லைசென்ஸையே வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்துட்டு நவம்பர் கடைசியில மாத்தினான். மறு வருஷம் ஃபால்ல அவனுக்குக் கிடைக்கலை. லைசென்ஸ் தேதியைக் காட்டி, அன்னிலேருந்துதான் உன் எண்ணம் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க.

ஃபிரஸ்னோபையன்:
வாக்காளர் பதிவுன்னு சொல்றீங்களே, அது ஆதாரமா எடுப்பாங்கன்னா நானும்...

இர்வைன்பிரபு:
ஐயோ, வேண்டாம்! நான் சிட்டிசன். நீங்க அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. நிறைய பல்கலைக்கழக ஆதாரப் பட்டியல்ல வாக்காளர் அட்டை இருக்கும், அது குடிமக்களுக்கு மட்டும். டிஎம்வி ஃபாரத்துலயே "வாக்காளரா பதியணுமா, அமெரிக்கக் குடிமகனா"ன்னு ஒரு கேள்வி வரும். அவசரத்துல "ஆம்"னு டிக் போட்டுட்டா, நான் அமெரிக்கக் குடிமகன்னு பொய் சொன்னதா ஆகும். கிரீன் கார்டு வாங்கறதையே நிரந்தரமா அடைச்சுடக்கூடிய விஷயம் அது. கிரீன் கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே எச்சரிக்கை.

மாடரேட்டர்:
மேலே உள்ள பதிவைப் புதியவர்கள் எல்லாரும் படிக்கவும்.

பழையபெருச்சாளி:
பிரபு சொன்னதோட யூசி பற்றி ஒண்ணு சேர்க்கிறேன், ஃபிரஸ்னோ மாதிரிப் பசங்க பிஎச்டி யோசிச்சா உதவும். வெளிநாட்டு பிஎச்டி மாணவருக்கு அந்த 15,102 டாலர் ஒவ்வொரு வருஷமும் தொடரும், ரெசிடென்ட் ஆகவே முடியாதே. ஆனா கேண்டிடசி (தகுதித் தேர்வு முடிஞ்சு ஆய்வேடு மட்டும் பாக்கிங்கிற நிலை) கிடைச்சதும் மூணு வருஷத்துக்கு அந்தக் கூடுதல் கட்டணம் பூஜ்யம். மூணு வருஷம் தாண்டினா திரும்ப முழுசா வரும். பொதுவா அதைத் துறையோ கைடோ கட்டுறதால மாணவன் கையைக் கடிக்காது, ஆனா கைடோட கிராண்டைக் கடிக்கும். சில பேராசிரியர்கள் வெளிநாட்டு மாணவரை எடுக்கத் தயங்குறதுக்கும், குவாலிஃபையர் (அந்தத் தகுதித் தேர்வு) எப்போ எழுதப் போறேன்னு நச்சரிக்கிறதுக்கும் பின்னாடி இந்தக் கணக்கு இருக்கு. முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க.

ராலேரமணி:
நான் ஒரு அம்மா. பொண்ணு இங்கேயே பிறந்தவ, நார்த் கரோலினாவுல காலேஜ் முடிச்சா. இங்க ரெசிடென்சியை ஒவ்வொரு காலேஜும் தனித்தனியா பார்க்கறதில்லை, மாநிலம் முழுக்க ஒரே சர்வீஸ்தான் முடிவு பண்ணி ஒரு நம்பர் கொடுக்கும். அதனால எங்களுக்குக் கஷ்டம் தெரியலை. இப்போ சியாட்டில்ல மாஸ்டர்ஸ் கிடைச்சிருக்கு. முதல் வருஷம் வெளிமாநில ஃபீஸ் கட்டிட்டு ரெண்டாவது வருஷம் மாத்திக்கலாம்னு சொல்றா. நடக்குமா?

பழையபெருச்சாளி:
அம்மா, வாஷிங்டன் ஸ்டேட்ல ஆறு கிரெடிட்டுக்கு மேல எடுத்துப் படிச்சா, அந்த ஒரு வருஷம் படிப்புக்காக வந்து இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க. அந்த அனுமானத்தை உடைக்கலாம், ஆனா சுமை உங்க பொண்ணு தலையில. முழு நேரம் படிச்சுக்கிட்டு, ஃபீஸை நீங்க அனுப்பி, லீவுக்கு ராலே வந்து போனா உடைக்கறது ரொம்பக் கஷ்டம்.

அதைவிட முக்கியமா ஒண்ணு பாருங்க. அது கட்டண அடிப்படையிலான மாஸ்டர்ஸா, மாநில நிதியில நடக்கிறதா? யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல நிறைய தொழில்சார் மாஸ்டர்ஸ் முதல் ரகம். அதுல சியாட்டில்காரருக்கும் ராலேகாரருக்கும் ஒரே ஃபீஸ். யூசியிலயும் தன் செலவைத் தானே பார்த்துக்கிற மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு அந்த 15,102 கிடையாது. தனியார் பல்கலைக்கழகத்துல இந்தப் பேச்சே எழாது. இல்லாத வித்தியாசத்துக்காக லைசென்ஸ் மாத்தி, கார் மாத்தி அலையாதீங்க.

ராலேரமணி:
பார்த்தேன். கட்டண அடிப்படைதான். ஒரே ஃபீஸ்தான் போட்டிருக்கு! ஒரு வாரமா வீட்டுல இதுக்குத்தான் சண்டை. நன்றிங்க.

சும்மாவந்தவன்:
நேர்மையா ஒரு கேள்வி கேக்கறேன். அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஒருத்தனுக்கு ஒரு விலை, பக்கத்துல உக்கார்றவனுக்கு இன்னொரு விலை. யாரும் கோர்ட்டுக்குப் போகலையா?

பழையபெருச்சாளி:
போனாங்க, நல்லாவே போனாங்க. மினசோட்டாவோட ஒரு வருஷக் காத்திருப்பு விதியை எதிர்த்த வழக்குல 1971லயே அது செல்லும்னு ஆயிடுச்சு. கனெக்டிகட்ல வேற மாதிரி கொடுமை: விண்ணப்பிச்சப்போ வெளிமாநிலத்தவரா இருந்தா படிப்பு முடியற வரைக்கும் வெளிமாநிலத்தவர்தான், வீடு கட்டிக் குடி வந்தாலும் மாறாது. மாணவிகள் ரெண்டு பேர் வழக்குப் போட்டு, 1973ல உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிஞ்சது. உண்மையா குடி வந்தேன்னு நிரூபிக்க வாய்ப்பாவது கொடுக்கணும்னு சொன்னாங்க. பிரபு மாதிரி ஆட்கள் ரெண்டாவது வருஷம் ஃபைலைத் தூக்கிட்டுப் போக முடியுதுன்னா அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. ஆனா அதே தீர்ப்பு, நியாயமான காத்திருப்புக் காலம் வைக்க மாநிலத்துக்கு உரிமை இருக்குன்னும் ஒத்துக்கிட்டது.

விசாக்காரங்களுக்கு 1982 மேரிலாண்ட் வழக்கு. உலக வங்கி மாதிரி சர்வதேச அமைப்புகள்ல வேலை பார்க்கிறவங்களோட ஜி-4 விசாப் பிள்ளைகளுக்கு இன்-ஸ்டேட் கிடையாதுன்னு பல்கலைக்கழகம் மறுத்தது, நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இங்க குடியிருக்க மத்திய சட்டம் அனுமதிக்குது, மாநிலம் அதுக்கு மேல சுமை ஏத்தக் கூடாதுங்கிறது சாரம். எஃப்-1க்கு அந்த வாதம் ஓடாது, அதுக்குள்ளேயே திரும்பிப் போறேன்னு எழுதியிருக்கே.

பிளேனோமீனா:
என் கேள்வியில இருந்து எங்கெங்கயோ போய் நிறைய கத்துக்கிட்டேன். ஆனா எஃப்-1 விஷயம் இன்னும் உறுத்துது. எச்-4ல படிச்சா ஃபீஸ் குறையும், சரி. டிஏ வேலை பார்க்க முடியாதே? படிச்சு முடிச்சதும் ஓபிடி இல்லையே? என் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுற மனுவோட ஒப்புதல்) இன்னும் வரலை, அதனால எனக்கு ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லை.

டென்டன்தாரா:
மீனா, இதே இடத்துல நின்னவ நான். நம்ம ஊர்ப் பெண்கள்ல பாதிப் பேருக்கு உண்மையான கேள்வி இதுதான், ஃபீஸ் இதுல ஒரு பகுதி மட்டும்.

எச்-4ல படிக்கத் தனி அனுமதி வேண்டாம், முழு நேரமும் படிக்கலாம். ஆனா ஈஏடி இல்லாம கேம்பஸ்ல ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. எஃப்-1ல கேம்பஸ் வேலை வாரம் 20 மணி நேரம், படிச்சு முடிச்சா 12 மாசம் ஓபிடி, உங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரிப் படிப்புக்கு அதுக்கு மேல 24 மாச நீட்டிப்பும் உண்டு. ஆனா மாறினா இன்-ஸ்டேட் போயிடும். டிஏ கிடைச்சாத்தான் மேல சொன்ன பிரிவுல திரும்ப வரும். எம்.எஸ். முதல் செமஸ்டர்ல டிஏ யாருக்குக் கிடைக்குது? எங்க துறையில பிஎச்டிகாரங்களுக்குப் போக மிச்சம் இருந்தாத்தான்.

நான் செஞ்சது: படிப்புல பெரும்பகுதியை எச்-4லயே, ரெசிடென்ட் ஃபீஸ்ல முடிச்சேன். கடைசி கட்டத்துக்கு முன்னாடி ஐ-539 (விசா நிலையை மாத்தற மனு) போட்டு எஃப்-1க்கு மாறினேன். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துல இதை முதல் செமஸ்டர்லயே பேசி வெச்சுக்கணும், அந்த மனுவுக்கு முடிவு எப்போ வரும்னு நம்ம கையில இல்லை. முடிவு வரலையேன்னு பட்டமளிப்பு நிக்காது. நான் அந்தக் கடைசி சில மாசம் தூங்கவே இல்லை. உங்க கணவருக்கு நடுவுல ஐ-140 வந்துட்டா மாறவே வேண்டாம், 2015 விதிப்படி எச்-4 ஈஏடி போடலாம். ரெசிடென்ட் ஃபீஸும் இருக்கும், வேலையும் பார்க்கலாம்.

பழையபெருச்சாளி:
தாரா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை. ஐ-140 எந்த நிலையில இருக்குன்னு கணவரோட வக்கீலைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

பிளேனோமீனா:
கேட்டாச்சு. இன்னும் பெர்ம் நிலையிலதான் (ஐ-140க்கு முந்தின படி) இருக்காம். துறைக்கு எழுதினேன், ஸ்பிரிங் செமஸ்டருக்குத் தள்ளி வைக்க ஒத்துக்கிட்டாங்க. எச்-4லயே ஆரம்பிக்கிறேன். லீஸைப் பார்த்தேன், ஆக்குபன்ட்னு என் பேர் இருக்கு! அடுத்த மாசம் புதுப்பிக்கும்போது டெனன்ட்டாவே சேர்க்கச் சொல்லியிருக்கேன். டெக்சாஸ் லைசென்ஸ் வாங்கிட்டேன். கணவர் ஆபீஸ்ல என்ன லெட்டர் கேக்கணும்?

டென்டன்தாரா:
கம்பெனி லெட்டர்ஹெட்ல, டெக்சாஸ்ல வேலை தொடங்கின தேதியும் இப்பவும் தொடருதுங்கிறதும் தெளிவா இருக்கணும். எடிசன் ஆபீஸ்ல சேர்ந்த தேதியை மட்டும் போட்டுக் கொடுத்துடுவாங்க, விடாதீங்க. ரெண்டு பேரோட ஐ-797 (விசா நிலைக்கான ஒப்புதல் நோட்டீஸ்), திருமணச் சான்றிதழ், பழைய லீஸ், புது லீஸ் ரெண்டும். எல்லாத்தையும் டிசம்பர்லயே ஏத்திடுங்க, ஜனவரியில அந்த ஆபீஸ் ஃபோனை எடுக்கவே மாட்டாங்க.